காலி கோல்

சம்பளம் வாங்கும் ஒரு கோல்கீப்பரை, ஆட்டம் நடக்கும்போதே ஒற்றை வாக்கியத்தால் கோலை விட்டுக் கிளப்பியவன் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான். கோலுக்குப் பின்னால் அநேகமாக ஆளில்லாத கேலரியில் உட்கார்ந்து, "டேய் இருதயராஜ், உன்னவிட அந்தக் கம்பமே நல்லா தடுக்குதுடா!" என்று கத்தினேன். அவன் கையுறைகளைக் கழற்றிக்கொண்டே படியேறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அப்ப அதுவே தடுக்கட்டும், பெருசு."

நடுவர் கவனிக்கவில்லை, பயிற்சியாளரும் கவனிக்கவில்லை. எதிரணி அடித்த பந்துகள் கம்பத்தில் பட்டுத் திரும்பின, வானத்துக்குப் போயின. ஒன்று கோட்டுக்கு முன்னால் களைத்துப்போய் நின்றேவிட்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இருதயராஜ் கடைசி விசில் வரை அந்தக் காலி கோலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கோல்கூட விழவில்லை.

கீழ்ப்படியில் பத்திரிகை நிருபர் தாமோதரன் செல்போனில் குனிந்திருந்தார். இருதயராஜ் அவரிடம் போனான். "எட்டு வருஷமா ஆடுறேன் சார், ஒருவாட்டிகூட என் பேரு பேப்பர்ல வரல. இதையாவது போடுங்க."

"கீப்பரே இல்லாம கோல் விழலையா? பெருசு விடுற கதைக்கு நீ சாட்சியா?"

"நீங்களும் பாக்கலையா சார்?"

தாமோதரன் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தினார். "வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் ஒருத்தன் மொட்டை போட்டிருக்கான்பா. முழுப் பக்கமும் அவனுக்கே போயிடுச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா நடந்துச்சு. நீ கோல விட்டு வந்ததுலேர்ந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."