வேலிக் கதவில் ஒரு குறட்டை

"ஒரே ஒரு தூங்குமூஞ்சி போதும், ஜெயிச்ச சண்டையைக் கவுத்துட!"

கர்னல் சொன்னதும் பயிற்சி வகுப்பு சிரித்தது. முதல் வரிசையில் இருந்த இளம் கேப்டனும் சிரித்தான். அவன் கர்னலின் மகன். நாளை மறுநாள் அவனுடைய படை கடல் கடந்து, இன்னொரு நாட்டின் உள்நாட்டுக் கலகத்தை அடக்கப் புறப்படுகிறது. எல்லார் கையிலும் கர்னல் எழுதிய கையேடு.

"மலைச் சண்டையில என் பொறுப்புல இருந்த ஊர். சுத்தி முள்வேலி, ஒரே கதவு. சாயங்காலம் ஆறுக்கு மூடினா விடிஞ்சுதான் திறக்கணும். இருபத்திரண்டு மாசம் எங்க மேல ஒரு குண்டு விழல. வேற எந்தப் படைக்கு உண்டு இந்தப் பெருமை?"

வயது அறுபதை நெருங்கியும் மார்பு நிமிர்ந்தது.

"ஒருநாள் இருட்டினப்புறம் போறேன், தாழ்ப்பாள் திறந்து கிடக்கு. காவல்காரன் குறட்டை விடறான். ஊருக்கே கேக்கற குறட்டை! காலரைப் பிடிச்சுத் தூக்கினேன். மறுநாளே சீருடையைக் கழட்ட வெச்சு வீட்டுக்கு அனுப்பிட்டேன். ஆனா எதிரி அதுக்குள்ள நம்ம ஓட்டையைப் பாத்துட்டான். பத்தே நாள்ல தாக்குதல். ரெண்டு பேரைப் பறிகொடுத்தேன். அதனால நம்ம முதல் விதி?"

"எதற்காகவும் கதவைத் திறக்காதே!" என்றது வகுப்பு.

"சபாஷ். அன்னிக்கு எங்களுக்கு எதிரா மலையில துப்பாக்கி தூக்கினவரே வந்திருக்கார். இப்ப பஸ் ஓட்டறார். நீங்களே சொல்லுங்க, எங்க வேலியைத் தாண்ட முடிஞ்சுதா?"

டிரைவர் தயங்கி எழுந்தார்.

"தினமும் தாண்டினோம் சார்."

சிரிப்பு நின்றது.

"காட்டு வேலைக்குப் போய் நேரமான எங்க ஊர்க்காரங்க, காய்ச்சல்காரங்க, எல்லாரும்தான். அந்தக் காவல்காரர் தாழ்ப்பாளைத் திறந்து வெச்சுட்டுக் கண்ணை மூடிக்குவார். குறட்டை கேட்டா வரலாம். நின்னா ஆபீசர் வர்றார்னு அர்த்தம். அவர் இருக்கிற ஊர்ப் பக்கம் சுடக் கூடாதுன்னு மலையில இருந்த எங்களுக்குள்ள ஒரு பேச்சு. அவரை அனுப்பினீங்க, அந்தப் பேச்சும் போச்சு."

"கதை விடாதய்யா! நான் கிட்டப் போய் நிக்கிற வரைக்கும் குறட்டை நிக்கவே இல்லையே?"

"உங்களைப் பாத்துட்டார் சார். என் சம்சாரத்துக்குப் பிரசவ வலி. துப்பாக்கியை மலையிலேயே போட்டுட்டு நானும் இறங்கி வந்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கட்டிலோட தூக்கிட்டு அப்பதான் கதவைத் தாண்டினோம். குறட்டை நின்னா அவ முனகல் உங்களுக்குக் கேட்டிருக்கும். அதான் இன்னும் பெருசா விட்டார். அன்னிக்குப் பொறந்த பொண்ணுக்குப் போன மாசம்தான் கல்யாணம்."

கேப்டன் மெல்ல எழுந்தான்.

"சார்... முதல் விதியை அடிச்சிடட்டுமா?"

கர்னல் ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு, விறைத்து நின்று ஒரு சல்யூட் அடித்தார். எதிரே யாரும் இல்லை.

"அடி. அந்த இடத்துல எழுது. இருபத்திரண்டு மாசமும் என் படையில முழிச்சிருந்தவர் அவர் ஒருத்தர்தான்."