நிறுத்தி வைத்த பதில்கள்

நாற்பத்தோராவது பாராட்டையும் நமச்சிவாயம் வெளியே விடாமல் நிறுத்தி வைத்தார். எல்லாமே தில்லைநாயகத்துக்கு வந்தவை. சீவலப்பேரியில் ஆறுகள் கூடும் இடத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைக்கு மட்டும் பத்தொன்பது.

'படித்து முடித்தபோது கண் கலங்கிவிட்டது' என்று மஸ்கட்டிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். நமச்சிவாயத்துக்கு வயிறு எரிந்தது. தன்னுடைய கட்டுரைகளை இதுவரை ஓர் ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

தாமிரபரணிக் கால்வாய்களைப் பற்றி எழுதிப் பகிரும் மின்னஞ்சல் குழுவில் நானூறு பேர். ஒருவர் 'அருமை' என்று பதில் போட்டாலும் நானூறு பேர் பெட்டியிலும் போய் விழுந்தது; ஒரே புகார். அதனால் குழுவை நடத்தும் இந்த இருவரும் சேர்ந்து ஒரு வடிகட்டி வைத்தார்கள். எந்தப் பதிலும் முதலில் அந்த மாதத்துப் பொறுப்பாளரிடம் போகும். அவர் அனுமதித்தால்தான் கட்டுரை எழுதியவர் உட்பட மற்றவர் கண்ணில் படும்.

ஒரு மாதம் நமச்சிவாயம், மறுமாதம் தில்லைநாயகம். தன் பொறுப்பில் இருக்கும் மாதத்தில் தன் கட்டுரையைப் போடுவதில்லை என்பது இருவரும் பேசி வைத்துக்கொண்ட முறை.

"யாரு செத்துட்டாவ? மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிய?" என்றபடி வந்தாள் மனைவி அன்னத்தாய். "தில்லை அண்ணாச்சி வந்திருக்காவ."

நமச்சிவாயம் பட்டென்று கணினியை மூடினார்.

"வாரும்வே. என்ன, மொகம் வாடிக் கெடக்கு?"

"எழுதுதத நிறுத்திரலாம்னு பாக்குதேன் வே. குழுவ விட்டும் வெலகிருதேன்" என்றார் தில்லைநாயகம். "சீவலப்பேரிக்கு எட்டுத் தடவ பஸ் ஏறிப் போயி எழுதினேன். ஒரு பய ஒரு வரி போடல. வந்திருந்தா நீரு விட்டிருக்க மாட்டீரா? உம்ம நேர்மை எனக்குத் தெரியாதா?"

நமச்சிவாயத்துக்குச் சுருக்கென்றது. ஆனாலும் உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது. முகத்தை மட்டும் துக்கமாக வைத்துக்கொண்டார்.

"விடும்வே. எவன் பதில் போடுதான் இந்தக் காலத்துல? எனக்குந்தான் ஒண்ணும் வரல. நான் எழுதலியா?"

அன்னத்தாய் கொடுத்த மோரைத் தில்லைநாயகம் குடிக்கவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதச் சொல்லத்தான் வந்தேன். சொல்லாமப் போனா மனசு கேக்காது."

"எதச் சொல்ல?"

"எனக்கு ஒண்ணுகூட வரலியேங்கிற வயித்தெரிச்சல்தான் வே, வேற ஒண்ணுமில்ல."

"அதுக்கு?"

"உமக்கு வந்த அறுவத்திமூணையும் நான்தான் அடைச்சு வச்சிருக்கேன்."