உயிர்த்தோழி

லாக்மான் நூடுல்ஸ் தட்டோடு பால்கனிக்கு வந்துவிட்ட மகள் சைகலின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார் குபாத்.

"மீரிம்கூட நீ பேசுறதே இல்லையாமே?"

"அவங்க பெரிய ஆளு. நாம பேசினா மரியாதையா இருக்குமா?"

"மூணாங்கிளாஸ்லேருந்து ஒரே பெஞ்சும்மா. ஏழாங்கிளாஸ் வந்ததும் கசந்துடுச்சா? பிஷ்கெக் பூரா தேடினாலும் அப்படி ஒரு ஃபிரெண்ட் கிடைப்பாளா?"

"மாட்டா. என் ஸ்வெட்டரைக் கேக்காமலே போட்டுக்குவா. நான் பரீட்சையில கோட்டை விட்டா, எனக்கு முன்னாடி அவ அம்மாவுக்குச் சேதி போயிடும். இப்படி யார் கிடைப்பா?"

"நீயாப் போய் ஒரு வார்த்தை பேசேன். வாயா தேஞ்சிடும்?"

"நீங்க போய்ப் பேசினதுலதானே இந்த நிலைமை."

அப்போது பால்கனிக் கதவு திறந்தது. மீரிம் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, டீ ஆறுதாம். அம்மா கூப்பிடுறாங்க."

அவள் அம்மாவைக் குபாத் மணந்துகொண்டு நான்கு மாதம் ஆகிறது. மீரிம் வாயிலிருந்து 'அப்பா' வருவது இதுதான் முதல் தடவை. அவர் முகமெல்லாம் மலர்ந்து எழுந்தார்.

சைகல் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"எனக்கு ஃபிரெண்டா இருந்த வரைக்கும் உங்களை மாமான்னுதாம்ப்பா கூப்பிட்டா."