சோமாஜியின் சட்டை

சட்டை மேசைமேல் வந்து விழுந்தபோது, ரசிக்பாய் சேட் சாசரில் ஊற்றிய டீயை உதட்டருகே கொண்டுபோயிருந்தார். பாதி டீ மடியில் கொட்டியது.

"என் புருஷன் சோமாஜி சட்டை. நல்லாப் பாத்துக்குங்க," என்றாள் ரேவாபென்.

வெளுத்து மடித்த சட்டைதான். ஆனால் காக்கித் துணிக்குள் மஞ்சள் ஊறிக் கிடந்தது. அந்த மஞ்சளை வட்வா தொழிற்பேட்டையில் தெரியாதவர் கிடையாது. சேட்டின் தொழிற்சாலையில் சாயத்துக்கு அரைக்கிற தூள் அது. புற்றுநோய் தரும் என்று மண்டையோட்டுப் படத்தோடு வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

சேட் துண்டால் மடியைத் துடைத்துக்கொண்டார். இப்படி வந்து நிற்கிற பெண்கள் அவருக்குப் புதிதல்ல. அழுகிறவளுக்குத் தண்ணீர், கத்துகிறவளுக்கு டீ, இரண்டுக்கும் மசியாதவளுக்கு வக்கீல். அவருடைய அப்பா தொழிலோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போன பாடம்.

"உக்காரு தங்கச்சி. டீ குடி."

"நீங்களே குடிங்க. பெரியாஸ்பத்திரியில புத்துநோய்னு சொல்லிட்டாங்க. மூத்திரப் பையில. எல்லாம் இந்தத் தூளால வந்ததாம். வைத்தியத்துக்கு என்ன வழி?"

சேட்டுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பக்கத்து ஃபாக்டரிக்குப் போய்க் கத்து. அங்க மூக்குல கைக்குட்டையைக் கட்டிக்கிட்டு வெறுங்கையால அள்ளறானுங்க. என்கிட்ட முகமூடி, கையுறை, பூட்ஸ், எல்லாம் முதல் தரம். என் பொண்ணு கல்யாணப் புடவைக்குக்கூட நான் பேரம் பேசினேன், இதுக்குப் பேசல. தூள் தொண்டையில தங்கக் கூடாதுன்னு சாயங்காலம் ஆளுக்கு ஒரு கட்டி வெல்லம் வேற."

"வெல்லத்தால நோய் நிக்குமா, சேட்?"

"இன்ஸ்பெக்டரே சுத்திப் பாத்துட்டு அசந்து போயிட்டான். ஒரே ஒரு குறைதான் சொன்னான். உடுப்பை இங்கயே துவைக்க மெஷின் போடணுமாம். எதுக்கு? ஒவ்வொருத்தன் வீட்டுலயும் தாலி கட்டிக் கொண்டாந்த மெஷின் ஒண்ணு இருக்கேன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சான்."

வாசலில் நின்ற கணக்குப்பிள்ளையும் சிரித்தார். ரேவாபென் சிரிக்கவில்லை.

"சரி. உங்க தூளால வரலைன்னா விடுங்க. வந்திருந்தா?"

"வந்திருந்தா கடைசி வரைக்கும் என் செலவு. சட்டம் பேசமாட்டேன், வக்கீல் வைக்கமாட்டேன்." சொல்லிவிட்டுச் சேட் கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். "சோமாஜி இன்னைக்கு வந்திருக்கானா?"

"அரவையில நிக்கறான், சேட்."

சேட்டின் முகம், சரக்கின் ஓட்டை தெரிந்த வியாபாரியின் முகமாக மலர்ந்தது. நோயாளியாம், அரவையில் நிற்கிறானாம். "கூட்டிட்டு வா. கூட நாலு பேரும் வரட்டும். என் பேரைக் கெடுக்கறதை எல்லாரும் பாக்கட்டும்."

சோமாஜி வந்தான். ஆறடி ஆள், கதவுக்குக் குனிய வேண்டியிருந்தது. முகமூடி கழுத்தில் தொங்கியது. பின்னால் நாலைந்து பேர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"எத்தனை வருஷமா என்கிட்ட இருக்கே?"

"கல்யாணத்துக்கு முன்னாலேருந்து, சேட்."

"ஒரு நாள் படுத்திருக்கியா? போன மாசம் டாக்டர் வந்து எல்லாரையும் சோதிச்சாரே, உனக்கு என்ன சொன்னார்?"

"ஒண்ணுமில்லைன்னு சொன்னார்." சோமாஜி தரையைப் பார்த்தபடி பேசினான்.

"கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்?" சேட் எழுந்து, சுவரில் மாலையோடு இருந்த அம்மன் படத்தைக் காட்டினார். "இப்பவும் சொல்றேன். அம்பா மாதா மேல ஆணை. என் தூளால எவருக்கு நோய் வந்திருந்தாலும் கடைசி வரை வைத்தியம் என் பொறுப்பு. ஆனா இந்த மாட்டைக் காட்டி நோய்னு சொன்னா, கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுவேன்."

"மாதா மேல ஆணைதானே, சேட்?"

"ஆணைன்னா ஆணைதான். என் வாக்கு மாறாது. இப்பச் சொல்லு, எங்கே இவனுக்கு நோய்?"

ரேவாபென் மேசையிலிருந்த சட்டையை எடுத்து உதறினாள். அதைப் பிடித்திருந்த அவள் விரல் நகங்களும் அதே மஞ்சள்.

"நோய் அவருக்கில்ல, சேட். அந்த மெஷினுக்கு."