மிளகு அளவு

ராயபுரத்தில் அப்துல் வஹாபின் மருந்துக்கடைக்குள் பக்தவச்சலம் நுழைந்தபோது, கையில் பரிசோதனைக்கூடத்தின் காகிதம் இருந்தது.

அதனால் ஒரு உதவியும் இல்லை.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அப்பாவு, மூட்டுவலிக்கு இந்தக் கடையில் வாங்கிய எட்டிக்கொட்டை மருந்தை விழுங்கி, அரைமணி நேரத்தில் உடம்பு வில்லாக விறைத்து விழுந்தான். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான். கடையை மூடுவதா என்று கார்ப்பரேஷன் சுகாதார அதிகாரியான பக்தவச்சலம்தான் எழுதித் தரவேண்டும்.

காகிதமோ மருந்தில் குற்றமில்லை என்றது. கொட்டையை முறையாகச் சுத்தி செய்து நஞ்சை முறித்திருக்கிறார்கள். மிளகு அளவு தின்றால் கெடுதலில்லை. கொடுத்துப் பார்த்த எலிகள்கூட நன்றாகவே இருந்தன.

ஒரே ஓர் உருண்டைதான் கொடுத்தேன், அதுவும் மிளகு அளவு என்று வஹாப் சத்தியம் செய்தார். ஒன்றுதான் தின்றேன் என்று அப்பாவுவும் சொல்லியிருந்தான்.

இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று பக்தவச்சலம் நினைத்தார். உருட்டிக் காட்டச் சொன்னார்.

வஹாப் விரலில் எண்ணெய் தொட்டுக்கொண்டார். மருந்தைக் கிள்ளி, உருட்டி, தட்டில் வைத்தார். முப்பது வருஷப் பழக்கம். விரல்கள் நிற்கவே இல்லை. முகம் மட்டும் வாசல் பக்கம் பார்த்தபடி இருந்தது.

பக்கத்தில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த மகள் ஜீனத்தின் கை தானாக நீண்டது. மூன்றாவது உருண்டையை எடுத்து, பாதிக்கு மேல் கிள்ளி எறிந்து, மீதியை உருட்டி அதே இடத்தில் வைத்தது.

வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கே தெரிந்தது.

பக்தவச்சலம் தட்டைக் குனிந்து பார்த்தார். நான்காவது உருண்டை சுண்டைக்காய் அளவு இருந்தது. நிமிர்ந்து வஹாபின் கண்களைப் பார்த்தார். இரண்டிலும் வெள்ளை படர்ந்திருந்தது.

அப்பாவு மருந்து வாங்கிய செவ்வாய்க்கிழமை நீ கடையில் இருந்தாயா என்று ஜீனத்தைக் கேட்டார்.

அவள் அன்றைக்குப் புளியந்தோப்பில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள் என்று வஹாப்தான் சொன்னார். இதை ஏன் கேட்கிறார் என்று அவருக்கு விளங்கவில்லை.

"இன்னா சார், அளவு சரியா கீதா?"

ஜீனத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இல்ல அத்தா. ஒரு வருசமாவே சரியா இல்ல."