சட்டை மாற்றாத வெள்ளை

லத்தீன் மொழி என்ற பெரிய வீட்டில், வெள்ளை நிறத்தைக் குறிக்கும் சொல் ஒன்று பெயர்ச்சொற்களுக்கு எடுபிடியாக இருந்தது. ஆண்பாலோடு போனால் ஆல்புஸ், பெண்பாலோடு போனால் ஆல்பா, இரண்டுமில்லாததோடு போனால் ஆல்பும் என்று ஆளுக்கு ஆள் சட்டை மாற்ற வேண்டும்.

“சட்டையை மாத்திட்டு என் பின்னால வா!” என்று ஒருநாள் குதிரை என்ற ஆண்பால் சொல் அதட்டியது.

“மாத்த மாட்டேன். இனி தனியா நிப்பேன்.”

“நான் இல்லாம நீ நிப்பியா?” குதிரை கனைத்துச் சிரித்தது.

வெள்ளை, அப்போது போட்டிருந்த ஆல்பும் என்ற சட்டையோடே வெளியேறி, தேசம் தேசமாக அலைந்து, நம் ஊர்க் கல்யாண வீட்டில் ஆல்பம் என்ற பெயரோடு உட்கார்ந்தது.

அதன் நாலாம் பக்கத்தில், மாப்பிள்ளையைச் சுமந்தபடி, அதே குதிரை ஒரு படமாக வந்து சேர்ந்தது.

“மூலை பிரியுது, கொஞ்சம் பிடிச்சுக்கோயேன்” என்று கெஞ்சியது.

“நான் இல்லாம நீ நிப்பியா?” என்றது ஆல்பம்.