இரண்டு மடங்கு

நரம்புப் பரிசோதனை முடிந்தது. ஷாக் வாங்கிய கால்கள் இன்னும் விறுவிறுக்க, செங்கமலம் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைத் தேடினாள். மூளையடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி கெட்டதிலிருந்து அவளுக்கு எல்லாமே அலுப்புதான். அதிர்ச்சியைத் தாங்கும் ஹார்மோன் உடம்பில் ஊறுவதில்லை. இடுப்பில் பதித்த கருவிதான் சொட்டுச் சொட்டாக இறக்குகிறது. ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரோடு அதற்கு எப்போதும் பேச்சு உண்டு. கெட்ட சேதி வரப்போகிறதென்றால் முன்கூட்டியே இரண்டு மடங்கு இறக்கிவிடும். இதே ஆஸ்பத்திரியில் அம்மா செத்த தகவல் வருவதற்கு முன்னாலும் அப்படித்தான் இடுப்பு சுட்டது. ரகசியம் காக்கத் தெரியாத ஜென்மம்.

இப்போதும் சுட்டது.

டாக்டர் அறையிலிருந்து கணவர் தனபாலன் சிரித்தபடி வெளியே வந்தார். "ஒண்ணுமில்லயாம் கமலம். வெறும் அசதிதான்னுட்டாரு. வா, டீ குடிச்சிட்டுப் போலாம்."

"நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்று அவள் எழுந்தாள். உடம்பில் தெம்பு ஏறியிருந்தது. காலையில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தவள் அவள். இப்போது படியைப் பார்க்காமல் கால் வைக்கப் போனது அவர்தான். அவருக்கு எதுவும் முன்கூட்டி இறங்கியிருக்கவில்லை.

"படி இருக்குங்க, பாத்து" என்று அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.